ஆல்ரைட்

துரைக்கண்ணு அந்தத் தாளில் பதினாறு இடத்தில் 'ஆல்ரைட்' என்று எழுதியிருந்தார். அதில் மூன்று பொய். கோளாறு அதுதான். சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. நேற்றுப் பகல் பதினொன்றரைக்கு ஆஸ்பத்திரியில் நெஞ்சு முடியைச் சிரைத்து, ஐந்து இடத்தில் ஒட்டுப் போட்டு, ஒயர் இழுத்து, உள்ளங்கைக்குள் அடங்கும் பெட்டி ஒன்றைக் கழுத்தில் தொங்கவிட்டு அனுப்பினார்கள். இருபத்துநாலு மணி நேரம். நெஞ்சு துடிக்கிற துடிப்பைப் பெட்டி தானே எழுதிக்கொள்ளும். நெஞ்சில் ஏதாவது பண்ணினால் பெட்டி ஓரத்துப் பட்டனை அமுக்கி, எத்தனை மணி, என்ன பண்ணிற்று, அப்போது என்ன செய்துகொண்டிருந்தோம் என்று தாளில் எழுத வேண்டும். "எப்பவும் போல இருங்க ஐயா. சண்டை போடணும்னு தோணுச்சுன்னா போடுங்க. பெட்டி சொல்றதும் நீங்க சொல்றதும் ஒத்துப்போச்சுன்னா ஆஞ்சியோ பண்ணிப் பாத்துடலாம். அடைப்பு இருந்து நாம பாக்காம விட்டுட்டா அதுதான் ஆபத்து" என்றாள் டாக்டரம்மா. முப்பது வயசு இருக்கும். அவர் காதில் விழுந்தது ஆஞ்சியோ மட்டும். விழுந்ததும் முடிவு செய்துவிட்டார். பெட்டியில் ஒன்றும் விழக்கூடாது. விழாமல் பார்த்துக்கொள்ள அவரால் முடியும். முடியாமல் என்ன.

இப்போது மணி ஒன்பது இருபது. இன்னும் இரண்டு மணி பத்து நிமிஷம். வெராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒட்டுப் போட்ட இடம் அரித்தது. சொறியக் கூடாது. இன்ஸ்பெக்ஷன் என்றால் அவருக்குத் தெரியாததா? முப்பத்துநாலு வருஷம் ரயில்வே. அதில் இருபது ஸ்டேஷன் மாஸ்டராக. பெரிய அதிகாரி டிராலியில் வருகிறார் என்று தகவல் வந்தால் இரண்டு நாள் முன்பே பிளாட்பார விளிம்புக்குச் சுண்ணாம்பு, தீ வாளிக்குப் புது மணல், பாயின்ட்ஸ்மேன் சட்டைக்குப் பொத்தான். அதிகாரி வருவார், பார்ப்பார், நன்று என்று எழுதுவார், போவார். டிராலி வளைவு திரும்பியதும் மணல் வாளியில் வெற்றிலைச் சாறு விழும். அதனால் யார் செத்தார்கள்? இதுவும் அப்படித்தான். ஒரு நாளைக்கு நெஞ்சுக்குச் சுண்ணாம்பு. கோபப்படாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதானே. அவருக்கென்ன சும்மாவா கோபம் வருகிறது? ஜனங்கள் ஒழுங்காக இருந்தால் ஏன் வரப்போகிறது? அந்த டாக்டரம்மா கேள்வி கேட்டாளே, கேள்வி. "வரிசையில நிக்கும்போது..." "நிப்பேன்." "இல்லைய்யா, பொறுமை..." "இருக்கு." "அடுத்தவங்க பேசி முடிக்கிறதுக்கு முன்னாடியே நீங்க..." "மாட்டேன்." அவள் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் பெண்டாட்டியும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். என்ன சிரிப்பு? கேட்டதற்குப் பதில் சொன்னார். நேரம் மிச்சம். அப்புறம் டாக்டரம்மா சொன்ன ஒன்றுதான் ராத்திரியிலிருந்து முள் மாதிரி நிற்கிறது. "கத்துற கோபம் மட்டும் இல்ல ஐயா. முழுங்குற கோபமும் கோபம்தான். வெளியில சத்தம் கேக்காது, அவ்ளோதான். நெஞ்சுக்குக் கேக்கும்." கேட்கட்டுமே. நெஞ்சுக்குக் கேட்டால் பெட்டிக்கும் கேட்குமா? அது தெரியவில்லை. கேட்டிருக்க வேண்டும். கேட்டால் சந்தேகம் வந்துவிடும்.

தூரத்தில் பாலத்துச் சத்தம். கடலூர்ப் பாசஞ்சர். கை தானாகக் கடிகாரத்துக்குப் போனது. பன்னிரண்டு நிமிஷம் லேட். ஓய்வு பெற்றுப் பதினோரு வருஷம் ஆகிறது, அந்த வண்டி லேட்டானால் இன்னும் இவருக்குத் தாடை இறுகுகிறது. யார் கேட்டார்கள்? வண்டி அவருடையதா? இறுகாதே என்று தாடையிடம் சொன்னார். அது கேட்கவில்லை. மூச்சை இழுத்துவிட்டார். உள்ளே குக்கர் விசில் அடித்தது. பெண்டாட்டி கூடத்துக்கு வந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு ஒரு சீட்டில் ஏதோ எழுதினாள். நாள்காட்டியிலிருந்து நேற்றைய தாள். அவள் வழக்கம் அது. தாளைக் கிழித்துப் பின்பக்கம் மளிகை எழுதுவாள், பென்சிலில், எறும்பு ஊர்ந்த மாதிரி. "என்ன எழுதுற?" என்றார். "உளுந்து தீந்துபோச்சு." "அதுக்கு எதுக்கு மணி பாக்கணும்?" "விசிலுக்குப் பாத்தேன். ஏங்க, மோர் குடிக்கிறீங்களா?" "வேணாம்." வழக்கமாக இந்த இடத்தில் உளுந்து தீர்ந்ததை முந்தாநாளே சொல்வதற்கென்ன என்று ஆரம்பித்திருப்பார். அது அங்கிருந்து துவரைக்குப் போய், போன வருஷம் மறந்துபோன காஸ் சிலிண்டருக்குப் போய், அவள் தம்பி கல்யாணத்தில் வண்டியைத் தவறவிட்டதில் முடியும். இன்றைக்கு வாயை மூடிக்கொண்டார். வார்த்தைகள் தொண்டைக்குள்ளேயே வரிசையில் நின்றன, சிக்னல் கிடைக்காத கூட்ஸ் வண்டி மாதிரி, ஒன்றன் பின் ஒன்றாக. அவளும் இதை எதிர்பார்க்கவில்லை போல. திட்டுக்காகக் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள். அவளுக்குப் பிரஷர் மாத்திரை. காலை ஒன்று, ராத்திரி ஒன்று. எப்போதிலிருந்து? அவர் ரிட்டயராகி வீட்டோடு வந்து உட்கார்ந்த வருஷத்திலிருந்து. இந்தக் கணக்கை இதுவரை போட்டுப் பார்த்ததில்லை. போட்டதும் பிடிக்கவில்லை. தள்ளிவிட்டார்.

ஒன்பது நாற்பதுக்குக் கலியமூர்த்தியின் கார் வந்தது. எதிர்வீடு. பள்ளிக்கூட வாத்தியார். இந்தத் தெருவில் அவனுக்கு வேறு இடமே கிடைக்காது. இவர் கேட்டுக்குக் குறுக்கேதான் மூக்கை நுழைப்பான். மூன்று வருஷமாக நடக்கிற யுத்தம். கதவைத் திறந்து இறங்கியதும் அவனே இவரைப் பார்த்துத் தயாராக நின்றான், அடி வாங்கப்போகிறவன் தோளைக் குறுக்குவது மாதிரி. "ரெண்டே நிமிஷம் சார், ஒரு ஃபைல எடுத்துட்டு..." துரைக்கண்ணு எழுந்தார். உட்கார்ந்தார். "பரவால்ல தம்பி. மெதுவா எடு" என்றார். கலியமூர்த்திக்கு முகம் வெளுத்துவிட்டது. கேட்டருகே ஓடிவந்தான். "சார், ஒடம்பு ஏதும் சரியில்லையா? அம்மா! அம்மா, கொஞ்சம் வெளியில வாங்க! சார் என்னமோ மாதிரி பேசுறாரு!" "ஒண்ணும் இல்லடா, போடா" என்று சொல்ல வந்தார். 'டா' வரக்கூடாது. "ஒண்ணும் இல்லப்பா" என்றார். அந்த 'ப்பா'வை உச்சரித்த கையோடு வந்தது. இடது மார்புக்குள் யாரோ ஈரவேட்டியை இரண்டு பக்கமும் பிடித்து முறுக்குகிற மாதிரி. முறுக்கு ஏறி ஏறித் தோளுக்குப் போய், அங்கிருந்து கீழ்த்தாடைக்கு. பல் வலிக்கிறதா என்று ஒரு கணம் நினைத்தார். கை நெஞ்சுக்குப் போயிற்று. கட்டைவிரலுக்கு அடியில் பெட்டி. பெட்டி ஓரத்தில் பட்டன். ஒரு மிளகு அளவு. அமுக்கினால் போதும். அமுக்கவில்லை. வாயு, என்று சொல்லிக்கொண்டார். காலையில் பொங்கல் தின்றோம், வாயு. அந்தச் சொல் வாய்க்குள் எழுந்ததுமே அப்பா வந்து நின்றுவிட்டார். அப்பாவும் அதைத்தான் சொன்னார். ஐம்பத்தெட்டு வயசு. பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் யாரையோ முக்கால் மணி நேரம் திட்டிவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்து, "வாயுடா, ஒரு சோடா வாங்கியா" என்றார். இவர் போனார். பத்தொன்பது வயசு. கடைக்காரன் கோலியை உள்ளே தள்ளும்போது 'டப்' என்று சத்தம் வந்தது பாருங்கள், அந்தச் சத்தத்தோடு இவர் திரும்பிப் பார்த்தார். பெஞ்சில் அப்பா சாய்ந்திருந்தார். சோடாவை யார் குடித்தார்கள் என்று இன்றுவரை நினைவில்லை. கலியமூர்த்தி வண்டியைப் பின்னால் எடுத்து, மூன்று வருஷத்தில் முதல்முறையாக, தன் வீட்டு வாசலிலேயே நிறுத்தினான். முறுக்கு மெல்ல மெல்லத் தளர்ந்தது. நாலு நிமிஷம். வாசற்படியில் அவள் நின்றிருந்தாள், கையில் அந்தச் சீட்டு. பருப்பு எவ்வளவு என்று யோசிக்கிறாளாக்கும்.

பத்து மணிக்குத் தாளை எடுத்தார். மணிக்கொரு தரம் எழுதுவது அவராக வைத்துக்கொண்ட ஒழுங்கு, ஸ்டேஷன் பழக்கம். 10.00 என்று போட்டார். பேனா நின்றது. மேலே பார்த்தார். நேற்று நாலு மணிக்கு ஆல்ரைட்: அப்போதுதான் கேபிள்காரன் போனில் நாளைக்கு நாளைக்கு என்று இழுத்தான், தோள் கனத்தது. ஒன்பது மணிக்கு ஆல்ரைட்: சென்னையிலிருந்து மகன் பேசினான், "புடிவாதம் புடிக்காதீங்கப்பா", பெற்ற பிள்ளை அப்பனுக்குப் புத்தி சொல்கிறான், போனை வைக்கும்போது கை நடுங்கியது. இரவு 10 முதல் 5 வரை தூக்கம், ஆல்ரைட். அது நிஜம். ஏழு மணிக்கு ஆல்ரைட்: குழாயில் தண்ணீர் வராமல் காற்று வந்தது, மோட்டார் ரூமில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்று. இது நாலு. எழுது. என்ன தயக்கம்? எழுதினார். ஆல்ரைட். எழுதிய கையோடு நினைப்பில் பக்கிரிசாமி வந்தான். வருவான் என்று தெரியும். நேற்றிலிருந்தே வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறான். இவருக்குக் கீழே உதவி ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவன். நல்லவன், மெதுவாகப் பேசுவான், எதிர்த்துப் பேசவே மாட்டான். இவர் கத்தினால் காது மடல் மட்டும் சிவக்கும். ஒரு மத்தியானம் கூட்ஸ் வண்டி வருவதற்கு முன்பே ரெஜிஸ்டரில் அது வந்துசேர்ந்த நேரத்தை எழுதிவிட்டான். தினமும் அந்த நேரத்துக்குத்தான் வரும். வரும் என்று எழுதினான். அன்றைக்கு வண்டி சிக்னலுக்கு வெளியே அச்சு சூடாகி நின்றுவிட்டது. புத்தகத்தில் வண்டி பிளாட்பாரத்தில்; நிஜத்தில் காட்டில். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம். "சார், ஒரே ஒரு வரி சார். மாத்தி எழுதிடறேன்" என்றான். "தண்டவாளம் பொய் சொல்லலாம்டா, புத்தகம் சொல்லக் கூடாது! எழுதினது தப்புன்னா ஒத்தக் கோடு போடு. அடியில இருக்கிறது படிக்கத் தெரியணும். பக்கத்துல உன் இனிஷியல். ஒளிச்சு எழுதுறவனுக்கு இந்த நாற்காலி இல்ல!" பிளாட்பாரம் பூராவும் கேட்டது. மேலே எழுதி அனுப்பினார். அவனை வேறு ஊருக்கு மாற்றினார்கள். எட்டு மாசம்தான். நாற்பத்தொன்பது வயசில், டேபிளில் கையை வைத்தபடியே போய்ச்சேர்ந்தான். சாது, அதிர்ந்து பேசாதவன், அவனுக்கு எப்படி என்று எல்லோரும் வியந்தார்கள். முழுங்கினான். இவர் கத்தினார், அவன் முழுங்கினான். இத்தனை வருஷம் இதைப் பக்கிரிசாமியின் தலையெழுத்து என்று வைத்திருந்தார். முழுங்குற கோபமும் கோபம்தான் என்று அந்தப் பெண் சொன்னபோது இவருக்குத் தன் நெஞ்சு ஞாபகம் வரவில்லை, அவன் காது மடல்தான் ஞாபகம் வந்தது. நியாயம் என்னவோ இவர் பக்கம்தான். அன்றைக்கும் இன்றைக்கும். புத்தகத்தில் பொய் எழுதக் கூடாது. அப்படியானால் மடியில் கிடக்கும் இந்தத் தாள் என்ன? துரைக்கண்ணு தாளைக் கவிழ்த்து வைத்தார். பதினொரு மணிக்கு நிமிர்த்தி இன்னொரு ஆல்ரைட் எழுதினார். அது நிஜம்தான். ஆனாலும் பொய்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்ததால் அதுவும் பொய் மாதிரியே இருந்தது.

ஆட்டோவில் போனார்கள். ஆட்டோக்காரன் ஒருவழித் தெருவில் எதிர்ப்பக்கம் புகுந்தான். இவர் கண்ணை மூடிக்கொண்டார். பதினொன்று இருபத்தைந்துக்கு ஆஸ்பத்திரி பெஞ்ச். பதினொன்றரைக்குக் கழற்ற வேண்டும். கழற்றுகிற பெண் கதவிடுக்கில் தலையை நீட்டி, "ஐயா, உள்ள ஒருத்தருக்கு ஓடிக்கிட்டு இருக்கு, ஒரு அஞ்சு நிமிஷம்" என்றாள். பதினொன்று முப்பத்தைந்து. பதினொன்று நாற்பது. அஞ்சு நிமிஷம் என்றால் அஞ்சு நிமிஷம். ஒரு வண்டி அஞ்சு நிமிஷம் என்று சொல்லிப் பதினைந்து நிமிஷம் நின்றால் பின்னால் வருகிற அத்தனை வண்டிக்கும் யார் பதில் சொல்வது? எதிரே சுவரில் தொங்கிய மீன் தொட்டிப் படத்தைப் பார்த்தார். மீன்களை எண்ணினார். ஏழு. ஏழு மீனும் ஒழுங்கில்லாமல் ஆளுக்கொரு பக்கம் போயின. முடியட்டும், இன்னும் கொஞ்சம்தான், பெட்டி கழன்றால் ஆஞ்சியோ இல்லை, மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு, வீட்டுக்குப் போய், போய்? சோடா. 'டப்'. வந்துவிட்டது. இந்தத் தடவை முறுக்கு இல்லை. கல். நெஞ்சு நடுவில் அம்மிக்கல்லை வைத்துவிட்டு எடுக்க மறந்துபோன மாதிரி. நெற்றியில் வியர்வை பூத்தது. இடதுகை தானே எழுந்து நெஞ்சில் படிந்தது. பக்கத்தில் பென்சில் சத்தம். கர்ரக், கர்ரக். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டிருந்தாள். இங்கேயுமா உளுந்து? வலது கையை நீட்டிச் சீட்டைப் பறித்தார். நாள்காட்டித் தாள். பின்பக்கம். எறும்பு ஊர்ந்த எழுத்து. மளிகை இல்லை.

'மாலை 3.50. கேபிள்காரன். தோளைத் தடவினார். 8.45. பையன் போன். கை நடுங்கிச்சு. விடிகாலை 3.10. தூக்கத்துல முனகினார், கை நெஞ்சுல, வேர்வை. ஆறு நிமிசம். எழுப்பலை, தானா அடங்குச்சு. 6.30. மோட்டார் ரூம். செவுத்தப் புடிச்சு நின்னார். 9.40. காரு. திட்டலை. மூஞ்சி கறுத்துப்போச்சு. 11.42. ஆஸ்பத்திரி. கை நெஞ்சு' என்று கடைசி வரி பாதியில் நின்றது. துரைக்கண்ணு முதலிலிருந்து மறுபடி படித்தார். ஒவ்வொன்றும் நடந்த நேரத்தில் எழுதியது. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. அடித்தல் இல்லை. முப்பத்துநாலு வருஷத்தில் இப்படி ஒரு ரெஜிஸ்டரை எழுத அவர் எத்தனை பேரைத் திட்டியிருப்பார். மூன்று பத்தில் விரல் நின்றது. அது அவருக்குத் தெரியாது. அவர் அங்கே ஆல்ரைட் என்று எழுதியிருந்தார், அது ஒன்றாவது நிஜம் என்று நம்பி. "நீ தூங்கலயா?" என்றார். "நைட் டூட்டிங்க" என்றாள் அவள். "முப்பத்தி நாலு வருசம் நீங்க பாத்தீங்க. ஒரு நாள் நான் பாத்தா என்ன?" "உளுந்துன்னு சொன்ன." "பின்ன? சொல்லியிருந்தா சீட்டக் கிழிச்சிருப்பீங்க. டாக்டரம்மாகிட்ட தனியா குடுக்கலாம்னுதான் வச்சிருந்தேன்." கிழித்திருப்பார். அதில் சந்தேகமில்லை. கல் இன்னும் நெஞ்சில் இருந்தது. கட்டைவிரலைப் பட்டன் மேல் வைத்தார். ஆஞ்சியோ பண்ணட்டும். கையைக் கிழிக்கட்டும், காலைக் கிழிக்கட்டும். காட்டில் நிற்கிற வண்டியைப் பிளாட்பாரத்தில் நிற்பதாக எழுதிவிட்டுப் போகிற ஆள் அவர் இல்லை. அமுக்கினார். பெட்டி 'பீப்' என்று ஒரு தரம் சொன்னது. இவ்வளவுதானா? இதற்கா இருபத்துநாலு மணி நேரம்?

கதவு திறந்தது. பீப் சத்தத்துக்குக் கழற்றுகிற பெண் ஓடிவந்திருந்தாள். "என்னய்யா பண்ணுது?" "நெஞ்சுல கல்லு. பதினொண்ணு நாப்பத்திரண்டுலேருந்து" என்றார் துரைக்கண்ணு. அவள் அவரை அப்படியே சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரையை வைத்து, டாக்டரம்மாவைக் கூப்பிட ஆள் அனுப்பினாள். தாளைக் கேட்டுக் கை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. "இரும்மா. தப்பு எழுதிட்டேன். ஒரு நிமிஷம்." நாக்கடியில் மாத்திரை காரமாகக் கரைந்துகொண்டிருந்தது, கல் ஒரு இஞ்சு நகர்ந்தது. பேனாவை எடுத்தார். நாலு மணி ஆல்ரைட்டுக்கு ஒற்றைக் கோடு, பக்கத்தில் இனிஷியல். ஒன்பது மணிக்கு ஒரு கோடு, இனிஷியல். தூக்கத்துக்கு ஒரு கோடு. அங்கே கை கொஞ்சம் கோணியது. ஏழுக்கு. பத்துக்கு. அடியில் இருப்பது படிக்கத் தெரிந்தது. பக்கிரிசாமி எங்கோ நின்று பார்ப்பான் என்றால் பார்த்துக்கொள்ளட்டும். சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நேரமாகப் பெயர்த்து எழுதினார். அந்தப் பெண் குனிந்து பார்த்துவிட்டுப் புருவத்தைத் தூக்கினாள். "மூணு பத்தாய்யா? தூக்கத்துல வந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்? டாக்டர் முதல்ல அதத்தான் கேப்பாங்க. யாரு பாத்து எழுதினதுன்னு போட்டுடுங்க." நாற்பத்தாறு வருஷக் கல்யாணத்தில் அவர் அவளை 'இந்தா' என்பார், கோபம் என்றால் 'ஏய்', மற்றவர்களிடம் 'வீட்ல'. பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, கூப்பிட வேண்டியிருந்ததுமில்லை. பென்ஷன் ஃபாரத்தில் ஒரு தரம் எழுதியதோடு சரி. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சக்கர நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள், தள்ளுவதற்குத் தயாராக. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தாளின் அடியில், கையெழுத்து கோணாமல், நிறுத்தி, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். பார்த்து எழுதியவர்: செங்கமலம்.